மங்கம்மா பாட்டும் என் பத்து கேசட்டும்

போன ஞாயிறு திருவொற்றியூரில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து பிரியாணியில் கை வைக்கிறேன்... வெளியே ஸ்பீக்கரில் ஒரு பாட்டு.

'வஞ்சிரம் வித்த மங்கம்மா - நீ
வாயத் தொறந்தா சிங்கம்மா
கூடை கீது, தராசு கீது
கூவுற கொரலு எங்கம்மா?'

மாப்பிள்ளையின் நண்பர்கள் கைக்குட்டையைச் சுழற்றி ஆடுகிறார்கள். எதிர் வரிசையில் ஒரு பெண் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். அவள் ஜோதி. பாட்டில் வருகிற மங்கம்மாவின் மகள். அது அவள் அம்மாவின் சாவுக்குப் பாடிய பாட்டு. அதைக் கல்யாண வீடுவரை கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான் யார்? அடியேன்தான்.

மங்கம்மா காசிமேட்டிலிருந்து ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குக் கூடை சுமந்து வந்த மீன்காரம்மா. ஒரு வருஷத்துக்கு முன்பு இறந்துபோனார். துக்கத்துக்குப் போயிருந்தேன். கானா பாட டேவிட் வந்திருந்தார். அவருக்கு ஐஸ் ஃபாக்டரியில் வேலை. சாவு விழுந்தால் பாடக் கூப்பிடுவார்கள். வந்தவர் டோலக்கைத் தொடவேயில்லை. வீட்டாரோடு உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்தார். அம்மாவுக்கு இன்னா புடிக்கும்? யாராண்ட சண்ட போடும்?

ஜோதி அழுதுகொண்டே சொன்னாள்: "வெத்தலைக்கு சுண்ணாம்பு கம்மியா குட்த்தா கடைக்காரனை உண்டு இல்லன்னு பண்ணிடும்."

அரை மணி நேரத்தில் அத்தனையும் பாட்டாகிவிட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள் நடுநடுவே சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சினிமாப் பாட்டை விட்டால் நமக்கு வேறு பாட்டே இல்லையா, உள்ளூர்ப் பாடகனை ஆதரிக்க வேண்டாமா என்று இதே பக்கத்தில் எத்தனை வாரம் உங்களைப் படுத்தியிருப்பேன்! சும்மா இருப்பேனா? மடியில் வைத்திருந்த சின்ன ரெக்கார்டரில் முழுதாகப் பதிவு செய்தேன். ஊரே சிடிக்கு மாறிக்கொண்டிருக்கிற நேரத்தில் பத்து கேசட் போட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஒன்று ஆட்டோவுக்குப் போனது. இன்னொன்று கேசட் கடைக்கு. அங்கே யாரோ கீபோர்டு சேர்த்து... மிச்சத்தைத்தான் கல்யாணத்தில் பார்த்தேனே.

மறுநாள் டேவிட்டைத் தேடிப் போனேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"அது அந்த வூட்டுப் பாட்டு சார். வேற எங்கயும் பாடமாட்டோம். இப்ப நான் எங்க போனாலும் ஒருத்தரும் வாய தொறக்க மாட்டன்றாங்கோ. 'எங்க நைனா கதையும் கேசட்ல வந்துடும்'ன்றாங்கோ. அவுங்கோ சொல்லலைன்னா நான் இன்னாத்த பாடுறது?"

சுருக்கென்றது. நான் ஆதரித்த லட்சணம் இது! அவருக்குப் பாட்டு கொடுத்துக்கொண்டிருந்த ஊர் வாயை நானே மூடிவிட்டேன்.

கொடுத்தவர்களிடமெல்லாம் போய், கிடைத்த கேசட்டுகளைத் திரும்ப வாங்கினேன். என்னிடம் இருந்த ஒரிஜினலையும் சேர்த்து அழித்தேன். அப்புறம் டேவிட்டையும் அழைத்துக்கொண்டு ஜோதி வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"ஆடுனாங்கன்னா எய்ந்து போனேன்?" என்றாள் ஜோதி. "எங்கம்மா இருந்தா அதுவே ஆடியிருக்கும். அம்மாவுக்கு வருஷம் கும்ட்டு முட்ச்சிட்டு நான் போன மொத கல்யாணம் சார் அது. திடீர்னு பேர கேட்டதும் தாங்கல. அந்த கீபோர்டு பாட்டு வாணாம். அன்னிக்கி டேவிட்டண்ணன் பாடுனது உங்களாண்ட கீதா?"

அதைத்தானே அழித்துத் தொலைத்தேன்! பதிவு செய்யும்போதும் இவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அழிக்கும்போதும் பேசவில்லை. நல்லது செய்கிறவனுக்கு வருகிற அவசரம் இருக்கிறதே... கெட்டது செய்கிறவனுக்குக்கூட அது வராது.

டேவிட் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"கேசட்டு எதுக்கு ஜோதி? நான் கீறேன். இது அந்த வூடுதானே!"

ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தட்டினார். முதல் நாலு வரி வந்தது. சுண்ணாம்பு வரும் இடத்தில் நின்றுவிட்டது. அன்றைக்கு அந்த நிமிஷத்தில் கட்டிய பாட்டு, அவருக்கே நினைவில்லை.

எனக்கு இருந்தது. ஒரு வருஷமாகப் போட்டுப் போட்டுக் கேட்டவனாயிற்றே! வேறு வழி? கண்ணை மூடிக்கொண்டு பாடினேன்.

'சுண்ணாம்பு கொஞ்சம் கொறஞ்சிதுன்னா
கடையே ஆடும் மங்கம்மா
வெத்தல மடிக்க ஆளு கீது
மெல்லுற வாயி எங்கம்மா?'

டேவிட் பிடித்துக்கொண்டு மேலே போனார். ஜோதி அழுதாள், சிரித்தாள். வாசலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. அவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "கேசட்டு போட்டது இந்த சாரு. டேவிட்டண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. அவராண்ட உங்க வூட்டு கதைய நம்பி சொல்லுங்கோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பாட்டு கரீட்டு சார்... கொரலுதான் கலீஜு."