கன்னியர் மடத்துச் சேமக்காலையில் என் மனைவி

நான் கத்தோலிக்கன், மனைவி சைவம். டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டில் குழந்தை யேசுவும் பிள்ளையாரும் ஒரே தட்டில்தான் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குள் இன்றுவரை ஒரு சண்டையும் வந்ததில்லை. சண்டையெல்லாம் எங்கள் இருவருக்கும், அதுவும் செத்த பிறகு எங்கே போவது என்பதில்தான். என்னைப் புதைப்பார்கள், பக்கத்தில் அவளும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அவளோ, தன்னை எரித்து, சாம்பலை ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். இத்தனை காலம் ஒன்றாகக் குடும்பம் நடத்திவிட்டு, கடைசியில் அவள் கடலிலும் நான் கனடாவிலுமா?

அதனால் போன இலையுதிர்காலத்தில் ஒரு தந்திரம் செய்தேன். றிச்மண்ட் ஹில்லுக்கும் வடக்கே ஒரு பழைய கன்னியர் மடம் இருக்கிறது. கல் கட்டடம், சிவந்த மேப்பிள் மரங்கள் என்று ஆசை காட்டி அவளைக் கூட்டிப்போனேன். ஓரமாகக் கன்னியரைப் புதைக்கும் சேமக்காலை இருப்பதை மட்டும் சொல்லவில்லை. இப்படி அழகான இடத்திலும் புதைக்கிறார்கள் என்று பார்த்தால் மனம் மாறுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் சிலுவைகளைக் கண்டதும் திரும்பிப் போய்க் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

“சுடலைக்குப் பொம்பிளையள் போறேல்லை. உங்களுக்குத் தெரியாதே?” என்றாள், கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி.

“உள்ளுக்குக் கிடக்கிற எல்லாருமே பொம்பிளையள்தானப்பா.”

“அவை செத்துத்தானே வந்தவை. நான் உயிரோட என்ன கேட்டுக்கு வாறது?”

என் வாதம் எதுவும் எடுபடவில்லை. கடைசியில் வொஷ்றூம் அவசரம்தான் அவளைக் கீழே இறக்கியது. மடத்துக்குள் போக வேறு வழியில்லை, சேமக்காலையைத் தாண்டித்தான் போகவேண்டும். போகும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஓடினாள். திரும்பி வரும்போது, கல்லறைகளில் இலை கூட்டிக்கொண்டிருந்த ஒரு கன்னியாஸ்திரி அவளைப் பேச்சுக்கு இழுத்துவிட்டார். வாய் திறந்தால் என் மனைவிக்கு இடம் பொருள் எல்லாம் மறந்துபோகும். எல்லாச் சிலுவையும் ஒரே அளவில் இருப்பதைப் பார்த்து, பக்கத்தில் யார் என்று நீங்களே தெரிவு செய்யலாமா என்று கேட்டாள்.

கன்னியாஸ்திரி சிரித்தார். “முடியாது. சாகிற வரிசைப்படிதான். சமையலறையில் என்னோடு ஓயாமல் சண்டை பிடிக்கிறவளே எனக்குப் பக்கத்தில் வந்து படுக்கலாம்.”

எதற்கும் முந்திச் சிரிக்கிற என் மனைவி, அன்றைக்குச் சிரிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில், ஹைவேயில், என் பக்கம் திரும்பினாள். “இஞ்சாருங்கோ, நான் வராட்டி உங்களுக்குப் பக்கத்தில ஆரைக் கொண்டந்து போடுவினம்?”

“ஆருக்குத் தெரியும்? நல்ல மனுசியா வந்தாச் சரி.”

தோளில் ஒரு குத்து விழுந்தது.

“பிள்ளையளிட்டைச் சொல்லி வையுங்கோ. என்னை எரிக்கத்தான் வேணும், அதில மாற்றமில்லை. ஆனா சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோக வேண்டாம். உங்களுக்குப் பக்கத்தில வைக்கட்டும்.”

அவளுடைய தாயும் தகப்பனும் அந்தக் கடலில்தான் கரைந்தவர்கள்.

“என்ன, பேசாமல் வாறியள்?”

“ரோட்டைப் பாக்கிறன்” என்றேன். கண் கலங்கி, ரோடு சரியாகத் தெரியவில்லை.