ஈட்டி வளைந்தால் அது மூளை

பீப்பாயை உருட்டிக்கொண்டிருக்கிறார் அன்செல்ம். ஞாயிறு காலை ஏழு மணி, குன்றின் மேல் வண்டி நிறுத்துமிடம். சிறிய ஒயின் பீப்பாய்க்குள் மணலும் கொஞ்சம் வினிகரும் போட்டு, தன் இரும்பு வளையச் சட்டையையும் அடைத்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளிக்கொண்டு போகிறார். அப்படி உருட்டினால்தான் துரு போகும். கீழே கோயில் மணி அடித்தால் நிறுத்திச் சிலுவைக் குறி போடுவார். மணி ஓய்வதற்குள் பீப்பாய் மறுபடி ஓடும். ஆண்டவர் பொறுமையைப் பங்கு வைத்த நாளில் இவர் வேறு எங்கோ அவசரமாகப் போயிருக்க வேண்டும்.

மற்ற நாட்களில் டிராக்டர் பழுது பார்ப்பவர். வயது ஐம்பத்து நான்கு. மீசை நரைத்துத் தாடைக்குக் கீழே தொங்குகிறது. ரொட்டியும் பன்றித் தொடைக்கறியும் நின்றபடிதான் தின்பார், கடுகு பட்ட விரலைக் கட்டம் போட்ட கால்சட்டையில் துடைப்பார். கோடை ஞாயிறுகளில், பிரான்சில் எங்கள் பர்கண்டிக் குன்றுக்கு, ரோமப் படையோடு மோதிய பழைய போர்க்களம் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் அவர் கௌல் வீரர், இந்த மண்ணின் பழைய ஆள். எதிரே ரோம வீரராக நிற்பது அவருடைய தங்கையின் கணவர் லுதோவிக். ஊர்த் தபால்காரர். சாதுவானவர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார்கள். இவர் கேடயம் தட்டை, அவர் கேடயம் உடம்பை அணைக்கிற மாதிரி வளைவு. இவர் வாள் நீளம், ஓங்கி வெட்ட. அவர் வாள் குட்டை, கிட்டே வந்து குத்த. வளையச் சட்டையைப் பார்த்ததும் பிள்ளைகள் எல்லாரும் அன்செல்மைத்தான் "ரோமரே, ரோமரே!" என்று கூப்பிடுவார்கள். அவருக்கு உச்சந்தலை சூடாகிவிடும்.

"யாரு ரோமன்? இந்தச் சட்டைய மொதல்ல பின்னுனதே நாங்கதான்! இவன் எங்களப் பாத்துப் போட்டுக்கிட்டான். இவன் தலைக்கவசமும் எங்க கொல்லங்கிட்ட கத்துக்கிட்டது. கால்சட்டையும் எங்களுது. அது மட்டும் இவனுக்கு இன்னும் வந்து சேரல."

லுதோவிக் தன் வெறுங்காலைக் குனிந்து பார்ப்பார். "காத்தோட்டமாத்தான் இருக்கு மச்சான்."

அதுவரைக்கும் சிரிப்புத்தான். அடுத்து வருவதுதான் அன்செல்முக்கு முள். லுதோவிக் ஒரு பழைய கதவில் ஈட்டியை எறிவார். அதன் மெல்லிய இரும்புக் கழுத்து வளைந்துவிடும். எதிரி பிடுங்கித் திருப்பி எறிய முடியாது என்றதும் கூட்டம் "ஆகா" என்று தலையாட்டும். பிறகு அன்செல்ம் தகர வாளால் ஓங்கி அடிக்க வேண்டும். அது வாழைநார் போல மடங்கும். அவர் தரையில் போட்டு மிதித்து நிமிர்த்த வேண்டும். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். கௌல் வாள் அப்படித்தான் வளைந்தது என்று பழைய காலத்தில் யாரோ எழுதி வைத்திருக்கிறாராம். நிகழ்ச்சியை நடத்தும் மதாம் ஷசாஞ் அதை விடுவதாயில்லை.

ஆறு கோடை மிதித்தார். போன இலையுதிர் காலத்தில் அலுவலக வாசலிலேயே வெடித்துவிட்டார். "அவன் ஈட்டி வளைஞ்சா அது மூளை, நம்ம வாள் வளைஞ்சா அது சிரிப்பா? இது என்ன நியாயம் மதாம்?"

"சரி, நீங்களே ஒண்ணு அடிச்சுக் கொண்டாங்க. பழைய காலத்து இரும்புலதான். டிராக்டர் ஸ்பிரிங்க உருக்கிக் கொண்டு வந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும். கூட்டத்துக்கு முன்னாடி மூணு வெட்டு. வளையலன்னா தகர வாள் அன்னிக்கோட போச்சு. வளைஞ்சா, வாயத் திறக்காம மிதிக்கணும்."

குளிர்காலம் முழுக்க அவர் பட்டறையில் சம்மட்டிச் சத்தம். நான்கு வாள்கள் முறிந்தன. ஐந்தாவதோடு போன ஞாயிறு வந்தார். அன்று அவர் ரொட்டி தின்னவில்லை. உறையிலிருந்து வாளை உருவுவதும் போடுவதுமாக, மேடையைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

இருநூறு பேர் பார்த்திருந்தார்கள். முதல் வெட்டு லுதோவிக்கின் கேடயத்தின் பித்தளை விளிம்பில் விழுந்தது. இரண்டாவதில் விளிம்பு பிளந்தது. மூன்றாவது வெட்டில் வாள் மரத்துக்குள் நான்கு விரல் இறங்கிச் சிக்கிக்கொண்டது. லுதோவிக் பழக்க தோஷத்தில் தன் குட்டை வாளை அவர் வயிற்றில் வைத்தார்.

"செத்துட்ட மச்சான்."

"சாவு கெடக்கட்டும்டா, கேடயத்தப் பிடி!"

காலை ஊன்றிப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கினார். வாள் வெயிலில் மின்னியது. மதாம் ஷசாஞ் ஒலிபெருக்கியில், "நேராத்தான் இருக்கு. தோத்துட்டேன்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"ஜெயிச்சாச்சுல்ல, உறையில போடு. பசிக்குது" என்றார் லுதோவிக்.

அன்செல்ம் போடவில்லை. டிராக்டர் அச்சைப் பார்ப்பது போல வாளைக் கண்ணுக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டார். அந்த மனிதர் அசையாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். பிறகு மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் வைக்கோல் தொப்பியோடு உட்கார்ந்திருந்த பெண்ணின் இரண்டு கைகளிலும் வாளின் பிடியை வைத்தார்.

"ஒரு கண்ண மூடுங்கம்மா. இப்ப நுனி வரைக்கும் பாருங்க."

அவருடைய கரிபடிந்த விரல் வாளின் ஓரமாகவே போய், நுனிக்கு ஒரு சாண் முன்னால், மதாம் கண்ணுக்குத் தப்பிய நூலளவு வளைவில் நின்றது.