என் கடையை மூடச் சொல்லி நான் எழுதிய மனு

நீலகிரி மலையில் அரவேணுவுக்குப் பக்கத்தில், ஒரு சாலை வளைவில் இருந்த அரசு மதுக்கடையில் பதினோரு வருடம் விற்பனையாளனாக இருந்தேன். என் மனைவி எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். வேலை முடிந்து அவள் வருகிற வழியில்தான் கடை. கம்பிக்கு உள்ளே நான் நிற்பேன். அவள் தோழிகளோடு, திரும்பிப் பார்க்காமல் வேகமாகக் கடந்துபோவாள். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவள், அந்த இருபதடி தூரம் மட்டும் என்னைத் தெரியாதவள் போல நடப்பாள். எனக்கு அதில் வருத்தமில்லை. கடை முன்னால் நிற்கிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

ஒரு நாள், பக்கத்து வீட்டு அக்காவின் காலில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே கிடந்த பாட்டில் கண்ணாடி ஏறிவிட்டது. ஏழு தையல். இரண்டு நாள் கழித்து என் மனைவி வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

“ஏனுங்க, ஒரு மனு எழுதோணும். உங்க கையெழுத்துத்தான் படிக்கற மாதிரி இருக்குது.”

“என்ன மனு?”

“உங்க கடைய மூடச் சொல்லித்தானுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன். பெண்கள் நடக்கும் பாதை, பள்ளிப் பிள்ளைகள் நிற்கும் பேருந்து நிறுத்தம், தோட்டத்தில் கிடக்கும் கண்ணாடி என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசி வரியில் பேனாவை நிறுத்தினேன்.

“மூடச் சொன்னா கெடப்புல போட்டிருவாங்க புள்ள. வேற எடத்துக்கு மாத்தச் சொன்னா கேப்பாங்க.”

“அங்க இருக்கற பொம்பளைங்க காலு இரும்புங்களா?”

‘மூட வேண்டும்’ என்றே எழுதினேன்.

திங்கட்கிழமை அவளும் தோழிகளும் லீவு போட்டுவிட்டு ஊட்டிக்குப் போய், கலெக்டர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தார்கள். அன்றைக்கும் எனக்கு மதியச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டுத்தான் போனாள். அவள் அங்கே வரிசையில் நின்ற நேரத்தில் நான் இங்கே பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்து விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். மனுவில் இருப்பது உண்மையா என்று என்னையே கேட்டார்.

“உண்மைங்க சார்.”

“கடை போனா உங்களுக்குத்தானே கஷ்டம்?”

“அந்த மனுவ எழுதினதே நாந்தானுங்க.”

தாளையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “வீட்டுல சண்டை வரலையா?”

“எழுதலைன்னாத்தான் சார் வந்திருக்கும்.”

கடையை மூடினார்கள். என்னைக் குன்னூரில் ஒரு கடைக்கு மாற்றினார்கள். தினமும் பேருந்துப் பயணம். ஆனாலும் லீவு நாளில், அந்தப் பாதையில் பெண்கள் நின்று நிதானமாகப் பேசிக்கொண்டே வருவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. என் மனைவிக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

குடிக்கிறவர்கள் நிறுத்தவில்லை. எங்கள் குடியிருப்பிலேயே ஒருவர் பாட்டில்களை வாங்கி வைத்துக் கூடுதல் விலைக்கு விற்றார். கட்டுப்படியாகாதவர்கள் காட்டுக் குறுக்குவழியில் அடுத்த ஊர்க் கடைக்கு நடந்தார்கள். அப்படிப் போன ஒருவரைச் சாயங்காலம் காட்டெருமை முட்டித் தள்ளிவிட்டது. விலா எலும்பு மூன்று முறிந்தது. காலில் தையல் போட்டுக்கொண்ட அதே அக்காவின் கணவர் அவர்.

அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்று, “கடை இங்கயே இருந்திருந்தா இப்பிடி ஆயிருக்குமா?” என்று அழுதாள். மனுவில் இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

என் மனைவி அன்று சாப்பிடவில்லை.

“நான் பண்ணுனது தப்புங்களா?” என்று கேட்டாள்.

பதினோரு வருடம் பாட்டிலை எடுத்துக் கொடுத்தவன் நான். “கடை இருந்தப்பவும் அந்த மனுசன் வருசத்துக்கு ரெண்டு தடவ விழுந்து எந்திரிச்சிட்டுத்தான் இருந்தாப்ல,” என்றேன். அது உண்மைதான். ஆனால் அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை.

பத்து நாள் யோசித்துவிட்டு மறுபடியும் தாளை எடுத்துவந்தாள். கடையைத் திறக்கச் சொல்லவில்லை. வீட்டில் வைத்து விற்பதைத் தடுக்க வேண்டும், குடியை விட நினைப்பவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டர் வேண்டும் என்று கேட்டாள். அக்காதான் முதல் கையெழுத்துப் போட்டாள். விற்றவரைப் போலீஸ் பிடித்துப் போனது. சில வாரத்தில் திரும்பி வந்தார், மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி. ஆனால் டாக்டர் வந்தார், புதன்கிழமைதோறும்.

அக்காவின் கணவர் தனியாகப் போக வெட்கப்பட்டார். எனக்கு விடுமுறை கிடைத்த ஒரு புதன்கிழமை நானும் கூடப் போய் உட்கார்ந்தேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னைப் பார்த்து, “நீங்க எத்தனை வருசமா குடிக்கிறீங்க?” என்றார்.

“நான் குடிக்கறதில்லீங்க. விக்கறேன்.”

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அக்காவின் கணவர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், வலியோடு சிரித்தார். வெளியே பெஞ்சில் அக்காவோடு உட்கார்ந்திருந்த என் மனைவி எட்டிப் பார்த்து, “உள்ள என்னங்க சத்தம்?” என்று அதட்டினாள்.

அவர் நான்கு மாதம் தொடவே இல்லை. பிறகு ஒரு கல்யாணத்தில் குடித்துவிட்டார். அடுத்த புதன்கிழமை யாரும் கூப்பிடாமலே சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிப் போனார் என்று அக்கா வந்து சொன்னாள்.