யோகம் அன்ரியும் வராத சேனல்களும்

சென்ற வாரம் வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்திருந்தபோது, கைப்பேசியில் யோகம் அன்ரியின் பெயர் வந்தது. 'ஐயோ, இன்னைக்கு என்ன வரலை?' என்றுதான் முதலில் தோன்றியது. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் உரிமையாளர் குழுவுக்கு நான் செயலாளர். வேறு யாரும் முன்வராததால் செயலாளர். அன்ரியிடமிருந்து வரும் எந்தச் செய்தியும் என்னை வீட்டில் நிம்மதியாக உட்கார விட்டதில்லை. திறந்து பார்த்தேன். மெல்பர்னிலிருந்து வந்திருந்த அவருடைய மகள், அம்மாவின் கைப்பேசியிலிருந்து எழுதியிருந்தார். "அம்மா இண்டைக்கு விடியக் காலமை போயிட்டா. உங்களுக்குக் கட்டாயம் சொல்லச் சொன்னவ." நான் இறங்க வேண்டிய நிலையம் கடந்து போனதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

யோகேஸ்வரி என்ற அவருடைய முழுப்பெயரை இந்த ஊர்த் தமிழர்களான உங்களில் பலர் இறுதிச் சடங்கு அறிவிப்பில்தான் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து, முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவர். கணவர் போன பிறகு, எனக்கு மேல்தளத்து வீட்டில் தனியாக இருந்தார். நான் திருச்சிக்காரன்; என் 'ஆன்ட்டி' அவர் ஊரில் 'அன்ரி'. என் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார், அவர் தமிழைக் கேட்டு என் பிள்ளைகள் சிரிப்பார்கள். அது தவிர எங்களுக்குள் பேச்சு என்றால் டிவியைப் பற்றித்தான்.

நம் ஆட்கள் வீடுகளில் டிவி என்றால் பெரும்பாலும் சென்னை சீரியல்தான். அன்ரிக்கு அது வேண்டாம். உள்ளூர் சேனல்கள் வேண்டும், அதுவும் எச்டியில். "எதுக்கு அன்ரி இந்தப் பிடிவாதம்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"தம்பி, நான் சாகப்போறது இந்த ஊரில. எந்த றோட்டைப் பூட்டியிருக்கினம், பின்னேரம் மழையோ எண்டு நான் அறிய வேண்டாமே? சென்னையில வெள்ளம் வந்தால் என்ர உடுப்பா நனையப்போகுது?"

செய்தியோடு டென்னிசும் வேண்டும். ஆஸ்திரேலிய ஓபன் நடக்கும் ஜனவரி மாதம் அவரைக் கல்யாணத்துக்கு அழைத்து ஏமாந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் எங்கள் கட்டடத்தின் பொது ஆன்டெனாவில் சாதாரண சேனல்கள் கட்டம் கட்டமாக உடையும். எச்டி சேனல்களுக்குப் போனால் 'சிக்னல் இல்லை'. பந்து எங்கே விழுந்தது என்று நடுவருக்குத் தெரியும், அன்ரிக்குத் தெரியாது. உடனே எனக்கு அழைப்பு வரும்.

மேசையில் வைக்கும் சின்ன ஆன்டெனா ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். அலமாரி மேல் வைத்தோம், ஜன்னலில் ஒட்டினோம், பால்கனியில் துணி காயப்போடும் கம்பியில் கட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பால்கனிக் கதவருகே நின்று நான் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபோது, படம் பளிச்சென்று வந்தது. "ஆ! அசையாதையும். அப்பிடியே நில்லும்" என்றார். நானும் நின்றேன். அந்த ஆட்டம் முடியும்வரை நின்றேன். கை இறங்கியதும் படம் உடைந்தது. "நீர் இதில நிரந்தரமா நிண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லிவிட்டு, தேநீர் போடக் குசினிக்குப் போனார். எனக்கு வந்த எரிச்சலில் அந்தத் தேநீரைக் குடிக்காமல் வந்திருக்க வேண்டும். குடித்தேன்.

அடுத்தது செயற்கைக்கோள். ஆன்டெனா எட்டாத இடங்களில் இருப்பவர்களுக்கு உள்ளூர் சேனல்களை டிஷ் வழியாகக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருப்பதாக எங்கோ படித்துவிட்டார். அது தொலைதூர ஊர்க்காரர்களுக்கானது என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. என்னைப் பக்கத்துக் கதிரையில் உட்கார வைத்துக்கொண்டு தொலைபேசியில் விண்ணப்பித்தார். மறுமுனையில் பேசிய பெண், நீங்கள் இருக்கும் இடத்தில் ஆன்டெனா சிக்னல் நன்றாக இருப்பதாக வரைபடம் காட்டுகிறது, அதனால் டிஷ் தர முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அன்ரி அதைவிடப் பொறுமையாக ஆங்கிலத்தில் பதில் சொன்னார். சிக்னல் வரைபடத்தில் இருக்கிறது, என் வீட்டில் இல்லை, நான் குடியிருப்பது வீட்டில் என்றார். அரை மணி நேரம் இருவரும் இதையே மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

குழுத் தலைவரிடம் பேசிப் பார்த்தேன். இப்போதெல்லாம் எல்லோரும் இணையத்தில்தானே பார்க்கிறார்கள் என்றார். சரி என்று அன்ரியின் டிவியில் அதற்கான செயலியைப் போட்டுக் கொடுத்தேன். இத்தோடு தொல்லை விட்டது என்றுகூட நினைத்தேன். மறுநாளே அழைப்பு. இணையத்தில் படம் கொஞ்சம் தாமதமாக வருகிறதாம். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கூரையில் சொந்த ஆன்டெனா வைத்திருக்கிறார். இவர் டிவியில் ஆட்டக்காரர் பந்தை அடிப்பதற்குள் அவர் கைதட்டிவிடுகிறாராம். "ஆர் வெல்லப்போகினம் எண்டு அந்தாள் எனக்கு முன்னமே சொல்லுது தம்பி. பிறகு நான் என்னத்தைப் பாக்கிறது?"

"ஜன்னலைச் சாத்திட்டுப் பாருங்க அன்ரி" என்றேன். கோடைக்காலம் அது. அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு சில நாட்கள் அழைப்பே இல்லை. அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது உரிமையாளர் கூட்டத்தில்தான் தெரிந்தது. கட்டடத்தின் எல்லாக் கதவுகளையும் தட்டியிருந்தார். முழங்கால் வலியோடு மாடிமாடியாக ஏறி இறங்கி, ஒவ்வொருவர் வீட்டு டிவியையும் போட்டுப் பார்த்திருந்தார். தலைவர் வழக்கம்போல, இது ஒரே ஒருவருடைய பிரச்சினை என்று ஆரம்பித்தார். அன்ரி எழுந்தார். நர்ஸ் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண் வீட்டில் படம் வருவதில்லை, குஜராத்தித் தம்பதி வீட்டில் வருவதில்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் வயதானவர் குளிர்காலத்திலிருந்து செய்தியே பார்க்கவில்லை. டிவி பழுதாகிவிட்டது என்று நினைத்து, அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். அன்ரி சொன்னபோது அவர் தலையைக் குனிந்தபடி ஆமாம் என்றார்.

உட்கார்ந்த பிறகு அன்ரி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "பாத்தீரே? எல்லாரும் தங்கட ரீவியிலதான் பிழை எண்டு நினைச்சு வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கினம்."

பொது ஆன்டெனாவைச் சரிசெய்யும் தீர்மானத்தை எதிர்த்து யாரும் கையைத் தூக்கவில்லை. பழுதுபார்க்க வந்தவர் கூரையில் ஏறிப் பார்த்தார். ஆன்டெனா துருப்பிடித்திருந்தது. அதிலிருந்து இறங்கும் கேபிளை, இந்த ஊர்க் கூரைகளில் இரவில் திரியும் போசம் என்ற விலங்கு கடித்து வைத்திருந்தது. இரண்டையும் மாற்றினார். அன்று மாலை அன்ரி வீட்டில் பாதிக் கட்டடம் கூடியிருந்தது. எச்டியில் செய்தி வந்தது. தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்ரி திரைக்கு அருகே போய்க் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"பவுடர் அப்பியிருக்கிறது அப்பிடியே தெரியுது. முந்தி இந்தப் பிள்ளை இன்னும் வடிவா இருந்தவ" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. "அன்ரி, பழையபடி மாத்திடவா?" என்றேன். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஒரு ஜனவரி அவருக்குக் கிடைத்தது. பந்து கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று நடுவருக்கு முன்னால் அவர் தீர்ப்பு சொல்வது என் வீட்டு உட்கூரை வழியாகக் கேட்கும். அடுத்த குளிர்காலத்துக்குள் நெஞ்சில் நோய் வந்துவிட்டது. மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அவர் எனக்கு அனுப்பிய கடைசிச் செய்தி, அந்த வார்டு டிவியில் எச்டி வரவில்லை, யாரிடம் சொல்ல வேண்டும் என்பது. நான் பதில் எழுதுவதற்குள் அடுத்தது வந்தது. "பரவாயில்லை, நானே கேட்டுட்டன். நாளைக்கு ஆள் வருதாம்."

அன்ரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் என்னைக் கெடுத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தளத்து மாடிப்படியில் விளக்கு எரியாமல் ஒரு மாதம் ஆகிறது. முன்பு என்றால் கைப்பேசி வெளிச்சத்தில் ஏறிப் போயிருப்பேன். நேற்று ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். எல்லோரும் கைப்பேசி வெளிச்சத்தில்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். கட்டட மேலாளரை அழைத்தேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் வேண்டாம், இந்த வாரம் என்ன கிழமை என்று சொல்லுங்கள், காத்திருக்கிறேன் என்றேன். மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டார். எனக்கு மிகவும் பழக்கமான பெருமூச்சு. வருடக்கணக்கில் அதை விட்டுக்கொண்டிருந்தவன் நான்தான்.