அந்த டம்ளரில் இருந்தது எங்கள் ஊற்றுத் தண்ணீர் இல்லை

சட்டமன்ற உறுப்பினர்களே, நீங்கள் எங்கள் ஆற்றைப் பார்க்கவில்லை. ஆற்றுக்கு இருநூறு அடி தள்ளி, பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள். ஆற்றையும் ஊற்றையும் நேரில் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் அதற்குப் பெயர் பொய்தான்.

அந்த டம்ளர்களை நீட்டியது நான். இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பங்கைப் பிறகு கேட்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. இராஜபாளையத்தில் ஆற்றை ஒட்டிய தெரு எங்களுடையது. ஐந்தாம் வகுப்பு படித்தேன். அப்பா பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறை ஒன்றில் பாய்லர் பார்த்தார். தறியிலிருந்து மங்கலாக வரும் துணியைச் சோடா போட்டு அவித்து, பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, அலசிக் காயப் போடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் துணி, தும்பைப் பூ மாதிரி இருக்கும். அலசிய தண்ணீர் வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போகும். எங்கள் வீட்டு அடுப்பு அந்தப் பட்டறையால்தான் எரிந்தது. அதையும் மறைக்கவில்லை.

கோடையில் ஆற்றில் ஓட்டம் நின்றுவிடும். தெருப் பெண்கள் சேர்ந்து மணலில் இடுப்பளவு தோண்டுவார்கள். அடியில் ஊறி நிற்கும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். அதுதான் எங்கள் ஊற்று. குடிக்க, சமைக்க எல்லாம் அதுதான். அப்பாவின் அக்கா, என் அத்தை, கரையிலேயே கீரைப் பாத்தி போட்டிருந்தாள். மாமா பட்டாளத்தில் இருந்தார். அத்தை விடியுமுன் கீரை பிடுங்கிக் கட்டி, முதல் டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்குப் போவாள். பத்து மணிக்குக் காலிக் கூடையோடு திரும்புவாள்.

நான் நாலாவது படிக்கும்போது ஊற்று கெட்டது. தண்ணீரில் பட்டறை வாடை அடித்தது. பருப்பு வேகவில்லை. சோறு மஞ்சளாக இறங்கியது. அத்தையின் கீரை ஓரம் கருகிச் சுருண்டது. சந்தையில் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுப் போனார்கள்.

அந்த வருஷம் சேத்தூரிலிருந்து பெரியப்பா குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். பெரியப்பா ஒரு வாய் குடித்தார். வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து சிரித்தார்.

"என்னம்மா, உங்க தெருவுல துணியத்தான் வெளுப்பியன்னு நெனச்சேன். தண்ணியையும் வெளுத்துத்தான் குடிப்பியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதாள். நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்பா சைக்கிளில் அய்யனார் கோயில் பக்கம் போய், மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை ஒரு குடம் கட்டிக் கொண்டுவந்தார். அது எவர்சில்வர் குடத்தில் தனியாக இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும். நாங்கள் ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிக் குடித்தோம். ஒருமுறை தெரியாமல் விருந்தாளிக்கு எங்கள் குடத்திலிருந்து மொண்டுவிட்டேன். அம்மா மண்டையில் ஒரு குட்டு வைத்தாள்.

"வந்தவிய வாயில எத வைக்கணும்னு தெரியாதாட்டி ஒனக்கு?"

அந்தக் குட்டு எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதுதான் வினை.

அத்தை சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி மனு எழுதிப் போட்டாள். ஒன்றல்ல, பல. கடைசியில் சட்டசபைக் குழு நேரில் வருகிறது என்று செய்தி வந்தது. அப்பா அன்று அத்தை வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அக்கா, என் வயித்துல அடிச்சிராத."

"உன் வேலையில நான் ஏம்லே கை வைக்கப்போறேன்? கழிவத் தண்ணியில விடாம வேற வழி பண்ணுங்கன்னு கேக்கப்போறேன். அம்புட்டுத்தான்."

"முதலாளி அப்பிடி நெனைக்க மாட்டாருக்கா."

"அவரு நெனப்புக்கா நான் கீர போட்டிருக்கேன்?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

குழு வந்த அன்று பட்டறைகளுக்குத் திடீர் விடுமுறை. பாய்லர் எரியவில்லை, வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அப்பா வீட்டில் பாய் விரித்துப் படுத்திருந்தார். அத்தை விடியற்காலையிலேயே ஊற்றில் ஒரு தவலை நிறைய மொண்டு, தட்டால் மூடி, எங்கள் வீட்டில் வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீடு எங்களுடையது. அவள் திட்டம் எளிமையானது. வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். மூக்கு நம்பும்.

"ஏட்டி, நீதான் கொண்டாந்து குடுக்கணும். சின்னப்புள்ள நீட்டுனா வேண்டாம்னு சொல்லமாட்டாவ. குடுத்துட்டு, மோந்து பாருங்கன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

யூனிபார்ம் போட்டு, ரிப்பன் கட்டி, காலையிலிருந்து காத்திருந்தேன். ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள் பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு, பால்கோவா வாங்கிவிட்டு வந்திருந்தார்கள். ஐந்து பேர். நான்கு வெள்ளை வேட்டி, ஒரு பட்டுச் சேலை. தெருவே கூடி நின்றது. அத்தை மனுவைக் கையில் வைத்துப் பேசினாள். ஐவரில் மூத்த பெரியவர் விசிறிக்கொண்டே கேட்டார். பட்டுச்சேலை அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பா, நாக்கு வறண்டு போச்சும்மா. தண்ணி கொண்டு வர்றியா?"

அத்தை கண்ணைக் காட்டினாள். நான் உள்ளே ஓடினேன்.

தவலையின் தட்டைத் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. மேலே மெல்லிய ஏடு. ஜன்னல் வழியாக அந்த அம்மாளின் பட்டுச்சேலை தெரிந்தது. பெரியப்பா வாசலில் துப்பியது ஞாபகம் வந்தது. மெட்ராஸிலிருந்து வந்தவர்கள், சாமி கும்பிட்டுவிட்டு நேராக எங்கள் தெருவுக்கு வந்தவர்கள், எங்கள் வீட்டு டம்ளரை வாயில் வைத்துத் துப்பப்போகிறார்கள். தெருவே பார்க்கப்போகிறது. அம்மா மறுபடி அடுப்படியில் அழுவாள்.

தவலையைத் துவைக்கிற கல்லுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்த்தேன். இரண்டு முறை அலசினேன். எவர்சில்வர் குடத்து மலைத் தண்ணீரை அதில் ஊற்றினேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அப்பா அடுத்த அறையில் கண்ணை மூடிக் கிடந்தார். அம்மா மரத்தடியில் நின்றாள். நானே செய்தேன். பெருமையாகச் செய்தேன்.

ஐந்து டம்ளரைத் தட்டில் வைத்து நீட்டினேன். சொல்லிக் கொடுத்ததை மறக்காமல் சொன்னேன்.

"மோந்து பாருங்க."

பெரியவர் முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். ஒரே மூச்சில் குடித்தார்.

"என்னம்மா வாடை? தேவாமிர்தமா இருக்கு. மெட்ராஸ்ல நாங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரி பின்னாடி ஓடறோம். உங்களுக்கு வாசல்லயே இளநீர் ஓடுது. அதுக்கு மனு வேறயா?"

நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. என்னிடம் வந்து குனிந்தாள்.

"ஏட்டி, இது எங்க மொண்ட தண்ணி?"

விருந்தாளிகளுக்கு முன்னால், உங்கள் தண்ணீர் நாறியது, அதனால் கொட்டிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நீங்க வச்சிருந்ததுதான் அத்தை," என்றேன்.

அத்தை நிமிர்ந்தாள். "ஐயா, இது இல்ல ஐயா தண்ணி. இருநூறு அடிதான். எந்திரிச்சு வந்து ஊத்துல ஒரு சிரட்டை மோந்து பாத்துட்டுப் போங்க ஐயா."

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் சாப்பாடு தயாராக இருந்தது. "அதான் பாத்தாச்சேம்மா," என்றார். பட்டுச்சேலை அம்மாளின் டிரைவர் ஒரு கேனைக் கொண்டுவந்தார். வழியில் குடிக்க இந்தத் தண்ணீர் வேண்டுமாம். தவலையில் மிச்சம் இருந்ததைக் கேனில் ஊற்றினேன். அந்த அம்மா என் கன்னத்தைத் தட்டி ஒரு பால்கோவாப் பொட்டலம் கொடுத்தார். கார்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. ஊற்று இருந்த பக்கம் ஒரு செருப்புத் தடமும் விழவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பால்கோவா தின்றுகொண்டிருந்தேன்.

"நீதானலே புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தே?"

"என்னக்கா சொல்லுத? எனக்கு ஒண்ணும் தெரியாது."

"வீட்டுக்குள்ள நீதான் இருந்தே. பட்டறைக்காரன் சோத்தத் திங்கிறவன் நீதான். பொறவு ஆரு மாத்துனா?"

அப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தார். எவர்சில்வர் குடம் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். என் கையில் இருந்த பொட்டலத்தையும், வாயையும் பார்த்தார்.

"சரிக்கா. நான்தான்னு வச்சுக்கோ," என்றார்.

என் வாய் நிறையப் பால்கோவா. அதை விழுங்கினேன். வேறொன்றும் செய்யவில்லை. அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு அடி விழாமல் போனதே என்று நிம்மதியாக இருந்தது.

அத்தை தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அதோடு எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கவில்லை.

சில மாதம் கழித்து அத்தைக்குச் சென்னையிலிருந்து பதில் வந்தது. எங்கள் வாத்தியார் படித்துச் சொன்னார். நேரில் ஆய்வு செய்தார்களாம். தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்களாம். குறை இல்லையாம். தெருவில் அப்பாவுக்கு 'முதலாளி கையாள்' என்ற பெயர் நின்றுவிட்டது. முதலாளியும் அப்பாதான் சாமர்த்தியமாக வேலை பார்த்தார் என்று நம்பி, தீபாவளிக்கு ஜரிகை வேட்டி கொடுத்துவிட்டார். அப்பா அதைக் கடைசிவரை கட்டவில்லை.

அத்தையின் பாத்தி அடுத்த கோடையில் முழுவதும் பட்டுப்போனது. அவள் நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். தொண்ணூறுகளில் மணல் லாரிகள் ஆற்றுக்குள் இறங்கின. அடிப்பாறை தெரிகிற வரை அள்ளினார்கள். ஊற்று கெட்டுப்போன காலம் போய், தோண்டுவதற்கு மணலே இல்லாத காலம் வந்தது. என் கல்யாணம் அந்தச் சமயத்தில்தான். அத்தை வந்தாள், என் நெற்றியில் திருநீறு பூசினாள், பந்தியில் உட்காராமல் போனாள். அப்பா செத்தபோதும் வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை அழுதாள். யாரோ சோடா நீட்டினார்கள். கையால் தள்ளிவிட்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இல்லை. அதற்கு என்னிடம் சாக்கு எதுவும் கிடையாது.

போன மாதம் வன்னியம்பட்டிக்குப் போனேன். அத்தை இப்போது மகன் வீட்டில் இருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். தவலையைக் கவிழ்த்தது, பொய் சொன்னது, பால்கோவா தின்றது வரைக்கும். அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்கப்பன் போயிச் சேந்துட்டான். இப்ப வந்து சொல்லுத."

பிறகு அவளே கேட்டாள்.

"அன்னைக்கு ஒனக்கு எத்தன வயசு?"

"பத்து, அத்தை."

"அந்த அஞ்சு பேத்துக்கு?"

அன்று எனக்குப் புரியாதது இதுதான். நாறிய தண்ணீரைக் குடிக்கிற நாங்கள் வெட்கப்பட்டோம். விருந்தாளிகளிடமிருந்து அதை ஒளித்தோம். ஆனால் அந்த ஐந்து பேர் விருந்தாளிகள் இல்லை. நாங்கள் ஓட்டுப் போட்டு, எங்களுக்கு வேலை செய்ய அனுப்பிய ஆட்கள். அவர்களுக்கு நல்ல தண்ணீர் கொடுப்பது மரியாதை என்று நினைத்தேன். அவர்கள் குடித்திருக்க வேண்டியது நாங்கள் குடித்ததைத்தான்.

என் பங்கு முடிந்தது. பெயர் கெட்டால் கெடட்டும் என்று எழுதிவிட்டேன். இனி உங்கள் பங்கு.

அந்த ஐந்து பேரில் யார் உயிரோடு இருக்கிறீர்களோ தெரியாது. இல்லாவிட்டால் இப்போது அந்த இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறவர்களைக் கேட்கிறேன். அந்த அறிக்கையை வெளியே எடுங்கள். சட்டசபையில் எழுந்து நின்று, இது பொய் என்று வாசியுங்கள். எங்கள் ஆற்றில் கழிவு விடுவதை நிறுத்தச் சட்டம் போடுங்கள், போட்ட சட்டம் இருந்தால் அதை நடத்துங்கள். அள்ளிய மணல் திரும்பி வர எத்தனை வருஷம் ஆகுமோ, அத்தனை வருஷம் ஒரு லாரியும் இறங்காமல் பாருங்கள். ஊற்று மறுபடி ஊற என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்யுங்கள். நேரில் வாருங்கள். இந்தமுறை நாற்காலி கிடையாது, டம்ளரும் கிடையாது. சிரட்டை தருகிறோம், இறங்கி நீங்களே மொண்டு குடியுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். எனக்குத் தனியாகக் கடிதம் போடவேண்டாம். சபையில், மைக்கைப் பிடித்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

அன்று அந்த இருநூறு அடியை ஏன் நடக்கவில்லை?