காளிதாஸ் வைத்த பத்துப் படிகள்

முதுகுளத்தூரில் என் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருப்பவன் காளிதாஸ். 1991இல் பிறந்தவன். 2017இல் மிளகாய் மூடை ஏற்றிப்போன வண்டி கவிழ்ந்ததில், இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பெற்றோர் பகலெல்லாம் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பார்க்க வந்துகொண்டிருந்தவர்கள் ஓராண்டுக்குள் நின்றுபோனார்கள்.

படுத்தபடியே கைபேசியில் ஓர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்யப்போவதைச் சொல்வார்கள். அது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். காளிதாஸின் கதை தொண்டியிலிருந்து புறப்படும் ஒரு பழங்காலக் கப்பல். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாகேந்திரன் அதில் முக்குளிப்பவன். கணினி மையத்தில் வேலை பார்க்கும் ஜெயசுதா சுக்கான் பிடிப்பவள்.

ஒவ்வொரு திறமைக்கும் பத்துப் படிகள். பத்துமுகப் பகடையில் விழும் எண் தன் படிக்குள் இருந்தால் காரியம் நடக்கும். தவறினால் ஒரு புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் ஒரு படி ஏறலாம். தோற்றவன்தான் கற்றுக்கொள்வான் என்பது காளிதாஸின் கணக்கு. புள்ளிகளை எழுதும் வேலை எனக்கு.

ஞாயிறு மாலைகளில் வந்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான். இருவரும் ஏழாம் படியைத் தொட்டதும் காளிதாஸுக்குப் பயம் வந்துவிட்டது.

"பத்துக்குப் போயிட்டா அப்புறம் எதுக்குப் பெரியப்பா இங்கன வரப் போறாக?" என்று என்னிடம் கேட்டான்.

ஒரு படி ஏற மூன்று புள்ளி என்றிருந்ததை ஆறாக்கினான். பிறகு பன்னிரண்டாக்கினான்.

"ஏலே காளி, நெசக் கடல்ல தள்ளிவிட்டிருந்தாக்கூட இந்நேரம் நீச்சல் வந்திருக்கும்லே" என்றான் நாகேந்திரன்.

"எனக்கு வேலையில சம்பளமும் ஏறல, இங்கன படியும் ஏறலண்ணே" என்று ஜெயசுதா சிரித்தாள். அடுத்த மாதத்திலிருந்து அவள் வரவில்லை.

நாகேந்திரனும் இரண்டு வாரம் வராமல் போகவே, காளிதாஸ் அவனைக் கூப்பிட்டான்.

"வாலே, உனக்கு எல்லாத்துலயும் பத்து போட்டுட்டேன்."

நாகேந்திரன் வந்தான். முத்து எடுத்தான், சுறாவைக் கொன்றான், மூழ்கிய கப்பலைத் தூக்கினான். எந்த எண் விழுந்தாலும் நடந்தது. சற்று நேரத்தில் பகடை உருட்டுவதையே விட்டுவிட்டுக் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினான்.

"புயல் வருதுலே. என்ன செய்யப் போற?"

"கடந்தாச்சு. எப்படியும் நடந்துரும்ல?"

காளிதாஸ் என் பக்கம் திரும்பினான். "பெரியப்பா, பழையபடி ஏழுன்னு எழுதிருங்க."

"தெரிஞ்ச முக்குளிப்பு எப்படிலே தெரியாமப் போகும்? தெரியாத மாதிரி நடிக்கச் சொல்றியா?" என்றான் நாகேந்திரன்.

"அப்ப புது ஆளா வச்சுக்க. ஒண்ணாம் படியிலருந்து வருவோம்."

"மறுபடி முதல்லருந்தா? ரெண்டு வருசம் ஆகுமே, காளி. எனக்குப் பொண்ணு வேற பாக்குறாக." நாகேந்திரன் அவன் தோளைத் தட்டினான். "நல்லாத்தான் இருந்துச்சு. வாரேன்."

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் நான் மட்டும் போயிருந்தேன். கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகத் தெரு முனை வரை தெரியும். முனையில் யாராவது திரும்பினால் முகம் தெரிவதற்கு முன்பே அவன் தலையைத் தூக்கிவிடுவான்.

"கட்டிலைச் செவுத்துப் பக்கம் திருப்பிப் போடுங்க, பெரியப்பா" என்றான்.

அவன் அப்பா காட்டிலிருந்து வரும்வரை காத்திருந்து, இருவருமாகத் திருப்பிப் போட்டோம்.