மூன்றாவது செமஸ்டருக்கு மாடி ஏறிய மருமகள்

பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்து, இன்று லாரி டயர் விற்கும் மூன்று கடைகளுக்கு முதலாளியாக இருப்பவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது, கேட்காதவர்களிடமும் சொல்வேன். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என் மருமகளைப் பற்றி. இரண்டு பிள்ளைகளைப் பெற்று, அவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தவள். அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று கேட்டால், அதுவும் நான்தான்.

வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. எழுத்துத் தேர்வு என்றால் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பிராக்டிகலில்தான் கோளாறு. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதும்போது முதுகுக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால் போதும், கை உறைந்துவிடும். போன செமஸ்டரில் எக்ஸாமினர் வந்து நின்றார். இவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். பெயில். புது செமஸ்டர் தொடங்கும் நாள் காலையில் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். தேறினால் மூன்றாவது செமஸ்டர். தேறாவிட்டால் புதிதாகச் சேரும் பிள்ளைகளோடு மறுபடி முதலிலிருந்து.

"மறுபடி முதல்ல இருந்துன்னா நான் போகமாட்டேன் மாமா. வீட்டோட இருந்துடறேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். மருமகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று டயர் வாங்க வருகிற டிரைவர் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறேனே!

லீவில் தினமும் காலையில், கடை திறப்பதற்கு முன்பே என்னோடு வந்து, பில் போடும் கம்ப்யூட்டரில் பழகினாள். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு டயர் அடுக்கு, நடுவில் அவள். ஒருநாள் எழுதிய புரோகிராம் ஓடவே இல்லை.

"பஞ்சர்னா தண்ணியில முக்கிப் பார்த்துடலாம். இதை எதுலம்மா முக்கறது?" என்றேன்.

சிரித்துவிட்டாள். "எங்க படிப்புல ஒரு பழக்கம் உண்டு மாமா. புரோகிராம் ஓடலன்னா, ஒரு பொம்மைய எதிர்ல வச்சுக்கிட்டு அதுக்கு வரி வரியா விளக்கணும். சொல்லும்போதே தப்பு எங்கன்னு நமக்கே பிடிபட்டுடும்."

"பொம்மை எதுக்கு? நான் இல்ல?"

டிபன் கொண்டுவந்த என் வீட்டுக்காரி விடுவாளா? "பொம்மை நடுவுல பேசாது. உங்களால ஆகுமா அது?"

ஆனது. "மாமா, இங்க பாருங்க" என்று ஆரம்பிப்பாள். எனக்கு ஒரு எழுத்துப் புரியாது. தலையை மட்டும் ஆட்டுவேன். பாதியிலேயே "அடச்சே, இதுவா!" என்று அவளே கண்டுபிடிப்பாள். ஒருநாள், "எதிர்ல வேணாம் மாமா, பின்னாடி வந்து நில்லுங்க" என்றாள். நின்றேன். முதல் இரண்டு நாள் விரல் தடுமாறியது. பிறகு என்னிடம் பேசப் பேச, விரலும் அது பாட்டுக்கு ஓடியது.

தேர்வு நாளன்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். லேபுக்குள் மின்விசிறி ஓடாததால் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் வராந்தாவில், அவள் திரை தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். டிக்கெட் கவுண்டர் வரிசைக்குப் புரோகிராம் எழுத வேண்டும். நிற்கிற எல்லோருக்கும் டிக்கெட் கிடைக்க வேண்டும். மளமளவென்று எழுதி ஓட்டினாள். ஐந்து பேர் வரிசைக்கு நாலு டிக்கெட்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து எக்ஸாமினர் அவள் பின்னால் வந்து நின்றார்.

அவள் தோள் இறுகியது. விரல் நின்றது. நான் வாசற்படிக்கே வந்துவிட்டேன்.

சட்டென்று, திரும்பிப் பார்க்காமலே, "மாமா, இங்க பாருங்க," என்றாள்.

லேபே கொல்லென்று சிரித்தது. "சார், எப்ப சார் சொந்தமானீங்க?" என்றான் ஒரு பையன். இவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். காது சிவந்துவிட்டது. எக்ஸாமினர் கையமர்த்தி, "சொல்லும்மா, மாமா கேக்கறேன்," என்றார்.

"சாரி சார். முதல்ல நிக்கறவருக்கு நம்பர் பூஜ்யம். அடுத்தவருக்கு ஒண்ணு. அப்படியே போனா அஞ்சாவது ஆளுக்கு நாலு. நான் என்ன பண்ணியிருக்கேன்னா, நாலு வர்றதுக்கு முன்னாடியே… அடச்சே, நாலு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன் சார்! கடைசி ஆளுக்கு டிக்கெட்டே கொடுக்கல!"

ஒரே ஒரு இடத்தைத் திருத்தினாள். மறுபடி ஓட்டினாள். ஐந்து டிக்கெட். எக்ஸாமினர் பத்துப் பேர் போட்டுப் பார்த்தார், ஒரே ஆளை நிறுத்திப் பார்த்தார். எல்லோருக்கும் கிடைத்தது.

"பாஸ்," என்றார். "அது சரி, யாரும்மா அந்த மாமா?"

எனக்கு அடக்க முடியவில்லை. "நான்தான் சார்! அஞ்சாங்கிளாஸ்!" என்று வாசலிலிருந்து கை தூக்கினேன்.

"சந்தோஷம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார்.

அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பாதி மார்க் என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மூணாவது செமஸ்டர் கிளாஸ் மாடியில மாமா. மணி அடிச்சிட்டாங்க, நான் ஓடறேன்!"

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். படியில் உட்கார்ந்திருந்த பையன்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். "டேய், அக்கா வர்றாங்க, தள்ளுடா!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கீழே நின்றபடி, அந்த வழியாக வந்த காவலாளியின் தோளைத் தட்டி மேலே காட்டினேன்.

"அதோ போகுதே, அது என் மருமக."